டப்பா அப்படியே திரும்பி வருகிறது: பள்ளிக்கும் மாலைக்கும் என்னதான் கொடுப்பது?

செம்பனைக்காட்டு மருமகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. நான் தெலுக் இந்தானில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மகன் நான்காம் ஆண்டு, மகள் இப்போதுதான் முதலாம் ஆண்டு. இருவருக்கும் ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே வேன். ஆறரைக்கெல்லாம் வேன்காரர் வாசலில் ஹாரன் அடித்துவிடுவார். ஓய்வு நேரம் பத்து மணிக்கு. பிள்ளைகள் வீடு வந்து சேர ஒன்றரை ஆகிவிடும்.

மகளுக்கு வீட்டிலிருந்துதான் கட்டிக் கொடுக்கிறேன். கட்டியது கட்டியபடியே திரும்பி வருகிறது. தோசையும் சாம்பாரும் வைத்தால் தோசை ஊறிக் கூழாகிக் கிடக்கிறது. போன வாரம் தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் வைத்தேன். மாலையில் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், "நேரம் இல்லை, அம்மா" என்கிறாள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மகனோ டப்பாவைத் தொடவே மாட்டேன் என்கிறான். நண்பர்கள் யாரும் கொண்டு வருவதில்லையாம். இரண்டு வெள்ளியை வாங்கிக்கொண்டு போகிறான். என்ன வாங்கிச் சாப்பிட்டாய் என்றால் சுவரைப் பார்க்கிறான். தங்கைதான் காட்டிக் கொடுக்கிறாள்: கேண்டீனில் ஒன்றும் வாங்காமல் காசை வைத்திருந்து, பள்ளி விட்டதும் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் கடையில் பொரித்த சாசேஜும் சிவப்புத் தண்ணீரும்.

பிற்பகல் கதை இன்னும் மோசம். வீட்டில் மாமியார் இருக்கிறார். சோறு, கறி எல்லாம் நான் காலையிலேயே சமைத்து வைத்துவிட்டுத்தான் போகிறேன். ஆனால் அவருக்கு முட்டிவலி. பிள்ளைகள் பின்னால் ஓட முடியாது. அவர்கள் பையை எறிந்துவிட்டு லயன் வீடுகளின் முனையில் உள்ள கடைக்குப் போய்ப் பாக்கெட் மீ (நூடுல்ஸ்) வாங்கி, வேக வைக்காமல் அப்படியே நொறுக்கி, தூளைக் கொட்டிக் குலுக்கித் தின்கிறார்கள். மூன்றரைக்கு டியூஷன். ஐந்தரைக்குத் திரும்பும்போது பசி உயிர் போகிறது என்று பிஸ்கட் டின்னைக் காலி செய்துவிடுகிறார்கள். எட்டு மணிக்கு நான் சாப்பாடு போட்டால் இருவருக்கும் வயிறு நிறைந்திருக்கிறது.

தயவுசெய்து நான்கு மணிக்கு எழுந்திருக்கச் சொல்லாதீர்கள். கேரட்டைப் பூவாக வெட்டு, சோற்றுக்குக் கண்ணும் மூக்கும் வை என்பதும் வேண்டாம். வீட்டில் ஓவன் அடுப்பு கிடையாது; இருப்பது கேஸ் அடுப்பும் சின்ன ஐஸ்பெட்டியும்தான். நம் பக்கத்துப் பிள்ளைகள் சாப்பிடக்கூடியதாக, பத்து மணி வரை கெடாததாக இருந்தால் சொல்லுங்கள்.

ஆலை ஷிப்ட் அப்பா

நானும் ஆலையில்தான் இருக்கிறேன், சகோதரி. முதலில் ஒரு கேள்வி: உங்கள் கணவர் பிற்பகல் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் காலையில் வீட்டில்தானே இருப்பார்? எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க டப்பா கட்டுவது என் வேலை. ஆண்கள் கட்டினால் எளிமையாகத்தான் இருக்கும். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது.

என் கை வழக்கம் சார்டின் ரொட்டி. டின்னைத் திறந்து குழம்பை வடித்துவிட்டு, மீனை மட்டும் முள்கரண்டியால் மசித்து, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பேன். இரண்டு ரொட்டித் துண்டின் உள்பக்கத்திலும் முதலில் வெண்ணெயைப் பூசிவிட வேண்டும். அந்தப் பூச்சு இருந்தால் ஈரம் ரொட்டிக்குள் இறங்காது. வடித்த குழம்பை வீணாக்காதீர்கள், இரவுக்கு வெங்காயம் வதக்கி ஊற்றினால் சோற்றுக்கு ஆயிற்று. ரொட்டி விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்; ஜெண்டராத்தா தோட்டத்தில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் சொந்தமாக அடுமனையே வைத்திருக்கிறது.

மகன் டப்பாவை வெறுத்தால் டப்பாவை மாற்றிப் பாருங்கள். பழுப்புக் காகிதத்தில் நாசி லெமாக் பொட்டலம் போல மடித்துக் கொடுத்தேன். என் பையன் மறுபேச்சில்லாமல் கொண்டு போனான். கடையில் வாங்கியது போலத் தெரிகிறதாம்.

பழைய கேண்டீன்காரி

வயதில் மூத்தவள், "நீ" என்றே எழுதுகிறேன் தங்கச்சி. தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் பல வருடம் கரண்டி பிடித்தவள் நான். டைபாய்டு தடுப்பூசி, உணவு கையாளுவோர் பயிற்சி, சொல்லாமல் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்க்கும் சுகாதார இலாகா அதிகாரி, எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் மகள் பொய் சொல்லவில்லை. கால அட்டவணையில் ஓய்வுக்கு இருபது நிமிடம் என்று போட்டிருப்பார்கள். மணி அடித்ததும் வரிசை பிடித்து இறங்க வேண்டும். கழிவறைக்கு ஒரு கூட்டம், கை கழுவும் குழாயில் ஒரு கூட்டம். முதலாம் ஆண்டுப் பிள்ளை மேசையில் வந்து உட்காரும்போது பத்து நிமிடம் மிஞ்சினால் பெரிது. தோழி விளையாடக் கூப்பிட்டுவிட்டால் அதுவும் போயிற்று. அதற்குள் தோசையைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்து, வெள்ளைச் சட்டையில் சிந்தாமல் நம்மாலேயே தின்ன முடியாது.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. மூடி! சின்னப் பிள்ளைகள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கு வருவார்கள், "ஆன்ட்டி, திறக்க வரவில்லை" என்று. தட்டிப் பார்த்தால் மூடி உள்ளே குழிந்து இறுகியிருக்கும். சூடு ஆறுமுன் அம்மா மூடிவிட்டார் என்று அர்த்தம். உள்ளே ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நான் கத்தி முனையால் ஓரத்தைத் தூக்கினால் "புஸ்" என்று காற்று போகும். மூடியின் அடியில் திரண்டிருக்கும் நீர் முழுவதும் சாப்பாட்டின் மேல் கொட்டும். கவுன்டருக்கு வர வெட்கப்படுகிற பிள்ளை என்ன செய்யும்? பையில் திரும்ப வைத்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கையில் டப்பாவைக் கொடுத்துத் திறக்கச் சொல். நீ வாய் திறக்காமல் பார். என்ன சமைப்பது என்பது அதற்குப் பிறகு.

சமையலுக்கு வருகிறேன். நம் பெண்கள் பத்து மணிக்கு மதியச் சாப்பாட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பத்து மணிக்கு ஒரு சின்னப் பசியாறல். சோறு ஒன்றரைக்கு வீட்டில். காலையில் வேன் வருமுன் ஒரு கோப்பைப் பாலோ ஒரு வாழைப்பழமோ உள்ளே போயிருந்தால் பத்து மணிக்குக் கைக்கு அடக்கமாக நான்கு வாய் போதும். கையால் எடுக்க வேண்டும், ஒழுகக் கூடாது, ஆறினாலும் தின்னும்படி இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் டப்பா திரும்பி வரும்.

தேங்காய்ப்பால் சோறு நம் ஊர்ச் சாப்பாடு, எனக்கும் உயிர். ஆனால் ஐந்தரைக்கு இறக்கி, சூட்டோடு மூடி, வேனில் ஒரு மணி நேரம் வெந்து, வகுப்பறை மூலையில் கிடந்தால் பத்து மணிக்கு அது சோறாக இருக்காது. கேண்டீனில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இதுதான்: சமைத்த சாப்பாட்டை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெறும் சோறும் லேசுப்பட்டதல்ல. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து வேகும்போதுகூடச் சாகாது. வெதுவெதுப்பில் வைத்தால் முளைத்துப் பெருகி வாந்தியைக் கொண்டு வரும். கெட்டுப்போன வாடை வருமுன்பே அது வேலையைக் காட்டிவிடும். ஆகையால் சமைத்ததை அகலமான தட்டில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே வைத்து ஆவி அடங்கியதும் கட்டு. அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தலை பின்னிவிடலாம்.

என் கைக்கு எப்போதும் தோற்காதது குழிப்பணியாரம். தோசை மாவு புளிக்கத் தொடங்கியதும் அதில் வெங்காயம், துருவிய கேரட், பச்சை மிளகாய்க்குப் பதில் மிளகுத் தூள், கழுவிப் பொரித்து நொறுக்கிய நெத்திலி. ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு எண்ணெய், தீயைக் குறைத்து மூடி போட்டு, விளிம்பு வெந்ததும் குச்சியால் திருப்பிவிடு. பத்து மணிக்கும் மெத்தென்று இருக்கும். தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம், நெத்திலியே உப்பும் ருசியும் கொடுத்துவிடும்.

மீகூன் (அரிசிச் சேமியா) கிளறிக் கொடுப்பதாக இருந்தால் ஊற வைத்ததும் கத்தரிக்கோலால் வெட்டிவிடு. விரல் நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீளமாக இருந்தால் பிள்ளை கரண்டியோடு போராடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும். முட்டை இரண்டு உடைத்து ஊற்று, சவிக் கீரையைத் தண்டு நீக்கிப் பொடியாக அரிந்து போடு, கிச்சாப்பை (சோயா சாறு) குறை. தவ்கே (முளைப்பயறு) மட்டும் வேண்டாம். தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும்.

சின்ன இட்லியை நல்லெண்ணெயும் பொடியும் போட்டுப் புரட்டினால் அதுவும் நல்லதுதான், ஆனால் விரலெல்லாம் எண்ணெய்; பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்த ஆசிரியர் உன்னைத்தான் தேடுவார். சப்பாத்தியில் முட்டையும் முருங்கைக்கீரையும் வைத்துச் சுருட்டலாம். வாழைப்பழத்தில் பிசாங் மாஸ்தான் பள்ளிக்கு ஏற்றது. ஒரு பழம் ஒரு பிள்ளைக்குச் சரியான அளவு. அதை டப்பாவுக்குள் வைக்காதே, வாடை எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

மகன் விஷயம் வேறு. பத்து வயதுப் பையனுக்கு டப்பா மானப் பிரச்சினை, அதோடு மல்லுக்கட்டாதே. மேலே அந்தத் தம்பி சொன்ன காகிதப் பொட்டலம் நல்ல யோசனை. வாரத்தில் மூன்று நாள் பொட்டலம், இரண்டு நாள் காசு என்று பேசி முடி. காசு கொடுக்கும் நாளில் கேண்டீனில்தான் வாங்க வேண்டும். சாசேஜ், நகெட், சாயத் தண்ணீர் எல்லாம் கேண்டீனில் விற்கக் கூடாதவை என்று சுகாதார வழிகாட்டி இருக்கிறது. வாசலில் நிற்கும் மோட்டாருக்கு அந்த வழிகாட்டி தெரியாது. அப்புறம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஆர்.எம்.டி. உணவுத் திட்டம் இருக்கிறது, 1979-லிருந்து பள்ளிகளில் நடக்கிறது. உனக்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது, பள்ளியில் கேட்டுப் பார். அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து பழம் மட்டும் போதும். சிலர் கௌரவம் பார்த்துப் பெயர் கொடுக்க மாட்டார்கள். என் கவுன்டரில் அந்தத் தட்டை வாங்கிய பிள்ளைகள்தாம் வகுப்பில் தூங்காமல் இருந்தார்கள் என்று ஆசிரியர்களே சொல்வார்கள்.

பிற்பகலுக்கு வருவோம். வெயிலில் வேனை விட்டு இறங்கும் பிள்ளைக்கு முதலில் தாகம்தான், பசி அப்புறம். வந்ததும் தட்டை நீட்டினால் வேண்டாம் என்றுதான் சொல்லும். தண்ணீர் குடித்து, சீருடை மாற்றி, முகம் கழுவி வரட்டும். பாட்டிக்கு முட்டிவலி என்றால் அவர் எழுந்து பரிமாற வேண்டாம். காலையில் நீயே இரண்டு தட்டிலும் சோற்றைத் தவிர மற்றதைப் போட்டு மூடி ஐஸ்பெட்டியில் வைத்துவிடு. சோறு மின்பானையில் சூடாக இருக்கட்டும். மகன் நான்காம் ஆண்டு, கரண்டி பிடிக்கத் தெரியாதா? தங்கைக்கும் அவனே போடட்டும். முதல் வாரம் தரையெல்லாம் சோறு கிடக்கும். கிடக்கட்டும். ஒரு பொரியல், ஒரு முட்டையோ மீனோ, ரசம்; அதற்கு மேல் வேண்டாம். கறியும் குழம்பும் நீயும் கணவரும் வீட்டில் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்.

பாக்கெட் மீயைத் தடை செய்தால் கடைக்காரருக்குத்தான் லாபம், ஒளித்துத் தின்பார்கள். சனிக்கிழமை மதியம் நீயே செய்து கொடு. வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தூளில் பாதியைக் குப்பையில் போட்டு, முட்டையும் கீரையும் சேர்த்துக் கொடு. வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் என்று தெரிந்தால் லயன் முனைக்கு ஓடுவது குறையும்.

கடைசியாக ஐந்தரை மணி. நீ அதற்குப் பலகாரம் கேட்கிறாய். நான் பலகாரமே வேண்டாம் என்கிறேன். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கு இருப்பது சோற்றுப் பசி. அந்தப் பசியில் பிஸ்கட்டைப் போட்டுக் கொன்றுவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிடு என்றால் எப்படிச் சாப்பிடும்? நீ வீடு வர ஆறு, ஆறேகால் ஆகுமா? அது வரைக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு, அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ஆறரைக்கு இரவுச் சாப்பாட்டைப் போட்டுவிடு. படுக்குமுன் பால். பெரியவர்கள் எட்டு மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதற்காகப் பிள்ளைகளும் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிளினிக் தாதி

கேண்டீன் அக்கா சொன்னதில் பெரும்பாலும் எனக்கு மறுப்பில்லை. அரசாங்கக் கிளினிக்கில் பிள்ளைகளின் எடை, உயரம் பார்ப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒன்றரை மணிச் சோற்றோடு தேநீர் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, பாட்டிமார் இருக்கும் வீட்டில் அதிகம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தேநீர் தடுக்கும். அந்த இடத்தில் ஒரு துண்டு கொய்யாவை வையுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி அதே இரும்புச்சத்தை உள்ளே இழுத்துக் கொடுக்கும். கொய்யாவில் அது ஆரஞ்சுப் பழத்தைவிட அதிகம். பீடோர் கொய்யா நம் பக்கத்துச் சந்தைக்கு வருகிறது. துண்டு போட்டு லேசாக உப்பு தூவினால் போதும். அசாம்போய் தூள் (உலர்ந்த பிளம் தூள்) கேட்டால் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம், அது உப்பும் சீனியும்தான்.

அக்கா "பால்" என்று எழுதினார். பல வீடுகளில் பால் என்றால் டின் பால் (இனிப்புக் கெட்டிப் பால்) கலந்த மைலோ. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. அதைப் பிள்ளைகளுக்குப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. பால் மாவோ பெட்டிப் பாலோ கொடுத்து, மைலோ தூளை ஒரு சிறு கரண்டியோடு நிறுத்துங்கள். பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களையும் பார்த்து வாங்குங்கள். 2019 ஜூலையில் அரசாங்கம் இவற்றுக்குத் தனி வரி போட்டு, பிறகு அதை உயர்த்தியும் இருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்குப் போத்தலில் வெறும் தண்ணீர்தான்.

நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியம் கிடைக்கிறது, நல்லது. உப்பில் காய்ந்தது என்பதால் இரண்டு தண்ணீரில் அலசி எடுங்கள். மரவள்ளிக்கிழங்கின் உள்தோலையும் சேர்த்து உரித்து, நன்றாக வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அரைவேக்காட்டில் கொடுக்கவே கூடாது, அதில் நச்சு இருக்கிறது. கச்சான் (நிலக்கடலை) சேர்த்த எதையும் கொடுக்கும்போது, தோழிகளோடு பகிர வேண்டாம் என்று மகளிடம் சொல்லி வையுங்கள். வேறொரு பிள்ளைக்கு அது ஒவ்வாமல் போகலாம். டப்பாவில் மீந்து வந்ததைப் பாசத்தால் மதியத்துக்குச் சூடு பண்ணிக் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். சூடு பண்ணினாலும் அக்கா சொன்ன அந்தக் கிருமி விட்ட நஞ்சு போகாது.

ஆலை ஷிப்ட் அப்பா

சூடாகத்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு வாய் அகன்ற சாப்பாட்டுத் தெர்மோஸ் உதவும். முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கச் சாப்பாட்டைப் போட்டு உடனே மூட வேண்டும். இதில் ஆற வைக்கக் கூடாது. அக்கா சொன்னது சாதாரண டப்பாவுக்கு. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதன் மூடி கனம்தான், மகனுக்குச் சரிப்படும்.

செம்பனைக்காட்டு மருமகள்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மகள் கையில் டப்பாவைக் கொடுத்துப் பார்த்தேன், அக்கா. நான்கு பக்கமும் கொக்கி போட்ட டப்பா அது. மூன்றைத் திறந்தாள்; நான்காவதைப் பல்லால் கடித்தாள்! வேறு டப்பா வாங்கிவிட்டேன், ஒரே மூடி, இழுத்தால் வந்துவிடும்.

உங்கள் பதிலை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "பாட்டி பரிமாற வேண்டாம்" என்ற இடத்தில் முகம் சுருங்கிவிட்டது. பிறகு பணியாரம் பற்றி வந்ததும், "அதை உட்கார்ந்துகொண்டே சுடலாம், முந்தின நாள் மாலையில் நான் சுட்டு வைக்கிறேன், காலையில் நீ சூடு பண்ணிக் கட்டிவிடு" என்கிறார். இது சரிப்படுமா? அவருக்கு இன்னோர் ஆசை. வீட்டுக்குப் பின்னால் நான்கு தென்னை நிற்கிறது, காய் கீழே விழுந்து முளைக்கிறது. பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தால் பள்ளிக்குத் தாங்காதா என்று கேட்கிறார். மகன் ஆறரை மணிச் சாப்பாட்டுக்கு உடனே சரி என்றுவிட்டான். கணவர்தான் தனியாகச் சாப்பிட வேண்டுமா என்று முணுமுணுக்கிறார்.

பழைய கேண்டீன்காரி

கணவரை நீ பார்த்துக்கொள். மற்றதற்குப் பதில் சொல்கிறேன்.

மாலையில் சுடுவதாக இருந்தால் ஆறியதும் மூடி ஐஸ்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மேசை மேல் வலைக்கூடை போட்டு மூடி வைக்கும் பழக்கம் வேண்டாம். காலையில் அதே குழிச்சட்டியில் இரண்டு நிமிடம், உள்ளே வரை சூடு ஏறும்படி. ஒன்றைப் பிய்த்து நடுவில் விரல் வைத்துப் பார். மாவில் வெங்காயம் பச்சையாகப் போட்டால் மறுநாளைக்கு வாடை வரும். மாமியாரை வதக்கிப் போடச் சொல். வெங்காயத்துக்குப் பதில் கூச்சாய்க் கீரை போட்டாலும் நன்றாக இருக்கும், நெத்திலியோடு சேரும்.

புட்டு தாராளமாகத் தாங்கும், தேங்காய்ப்பூவைப் பச்சையாகத் தூவாமல் இருந்தால். கம்பத்தில் (கிராமத்தில்) மலாய்ப் பெண்கள் குவே பலகாரம் விற்பார்களே, அவர்கள் தேங்காய்ப்பூவில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆவியில் வேக வைத்த பிறகுதான் மேலே தூவுவார்கள். அதனால்தான் அவர்கள் குவே மதியம் வரை புளிக்காமல் இருக்கிறது. பூவைத் தனியாகப் பத்து நிமிடம் அவித்து ஆற வை. சீனியையும் கலக்காதே, அது தண்ணீர் விட்டுப் புட்டைக் களியாக்கிவிடும். காகிதத்தில் மடித்துத் தனியாகக் கொடு. தூள் தூளாக உதிரும் புட்டைச் சின்னவள் தின்ன மாட்டாள். பிசாங் மாஸ் ஒன்றைப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவு உருண்டையாகப் பிடித்துக் கொடு. பழம் கறுத்துவிடும் என்பதால் கட்டும்போதுதான் பிசைய வேண்டும்.

குழிச்சட்டி உன் வீட்டில் இல்லை என்றால் வார்ப்பிரும்புச் சட்டியாக வாங்கு. புதுச் சட்டியில் முதல் ஈடு ஒட்டத்தான் செய்யும். எண்ணெய் தடவி இரண்டு நாள் வைத்திருந்து, பழைய மாவில் ஓர் ஈடு சுட்டுப் பார்த்துவிட்டுப் பள்ளி நாளில் இறக்கு. மாமியாரிடம் குச்சிக்குப் பதில் ஒரு சின்னக் கரண்டியைக் கொடு, முட்டிவலிக்காரர்களுக்குப் பெரும்பாலும் விரலிலும் வலி இருக்கும்.